அம்மாவின் அறைக்கு இரண்டு பச்சையில் எது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சுங்கை சிப்புட்டிலிருந்து 74 வயது அம்மா உங்களோடு வந்து தங்கப் போகிறார். கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் 14ஆவது மாடியில் வீடு. அம்மாவுக்கு ஒதுக்கிய அறை 10 அடிக்கு 12 அடி, ஒரே ஜன்னல், அதுவும் மேற்குப் பார்த்தது. தரையில் கிரீம் நிற டைல். சிவப்புச் சாயல் உள்ள பழைய மரக் கட்டில், அதே மரத்தில் அலமாரி, வெள்ளைக் கதவு. சுவர் இப்போது பீச் நிறம். அம்மா கேட்டது ஒன்றுதான், அறை பச்சையாக இருக்க வேண்டும். நீங்கள் இணையத்தில் தேடி, ஷெர்வின்-வில்லியம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இரண்டு பச்சைகளில் வந்து நிற்கிறீர்கள்: கிளாரி சேஜ், எவர்கிரீன் ஃபாக். உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன, கணவர் ஒன்றைச் சாம்பல் என்கிறார், எதை அடிப்பது என்று கேட்கிறீர்கள்.

எழுத்தில் இருப்பது அந்தக் கேள்வி. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: "அம்மா அந்த அறையில்தான் நாள் முழுக்க இருப்பார், இருட்டடித்த மாதிரி ஆகிவிடக் கூடாது." ஆகவே எது அழகு என்பதைவிட, அந்த அறையில், அந்த வெளிச்சத்தில், அம்மாவின் கண்ணுக்கு எது பச்சையாகவும் வெளிச்சமாகவும் நிற்கும் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் செந்தூலில் ஒரு ஹார்டுவேர் கடையில் சாயம் கலக்கும் மெஷினுக்கு முன்னால் ஒன்பது வருடம் நின்றவன். அப்புறம் சொந்தமாக வீடுகளுக்குச் சாயம் பூசும் குத்தகை எடுத்து இன்றுவரை செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் அறையை நான் பார்த்ததில்லை. அதனால் கணக்காகச் சொல்லக்கூடியதை உறுதியாகச் சொல்கிறேன்; என் கைப்பழக்கத்தில் தோன்றுவதை அப்படியே தோன்றுவது என்று சொல்கிறேன். என் சாய்வு கிளாரி சேஜ் பக்கம். ஏன் என்பதையும், எந்த நிலைமையில் நான் மாற்றிச் சொல்வேன் என்பதையும் பார்க்கலாம்.

உறுதியானதில் தொடங்குகிறேன். இரண்டும் உண்மையிலேயே வேறு வேறு நிறங்கள். நிறுவனம் கொடுத்த நிற எண்ணில் கிளாரி சேஜ் எஸ்.டபிள்யூ. 6178, எவர்கிரீன் ஃபாக் எஸ்.டபிள்யூ. 9130. பின்னது அந்த நிறுவனம் 2022-ம் ஆண்டின் நிறமாக அறிவித்தது. இணையத்தில் எங்கே பார்த்தாலும் அது கண்ணில் படுவதற்கு அதுதான் காரணம். சாய அட்டைகளில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். சுவரில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண் அது. சுத்தமான கறுப்பு 0, சுத்தமான வெள்ளை 100. கிளாரி சேஜ் 41, எவர்கிரீன் ஃபாக் 30. கையளவு அட்டையில் இந்த 11 பெரிதாகத் தெரியாது. அறையில் தெரியும்.

எப்படி என்றால், அறைக்குள் வெளிச்சம் ஒரு முறை பட்டுவிட்டு நேரே உங்கள் கண்ணுக்கு வருவதில்லை. ஒரு சுவரில் பட்டு, எதிர்ச்சுவரில் பட்டு, மூலையில் இரண்டு மூன்று தடவை அடிபட்டுத்தான் வருகிறது. 41 விழுக்காடு திருப்பித் தரும் சுவரில் இரண்டு தடவை பட்ட வெளிச்சம் 17 விழுக்காடாக மிஞ்சும். 30 விழுக்காடு சுவரில் இரண்டு தடவை பட்டால் 9தான் மிஞ்சும். முதல் தடவை ஒன்றுக்கு ஒன்றேகால் சொச்சமாக இருந்த வித்தியாசம், இரண்டாம் தடவையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஜன்னலுக்கு எதிரே உள்ள மூலைகளில் எவர்கிரீன் ஃபாக் இருண்டு கிடப்பதற்கு இதுதான் காரணம். இன்னொன்றும் சேர்ந்து நடக்கிறது. ஒவ்வொரு தடவை படும்போதும் சுவர் தன் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தில் ஏற்றுகிறது. ஆகவே நான்கு சுவரும் ஒரே பச்சையானால், அட்டையில் பார்த்ததைவிட அறை இன்னும் பச்சையாக, இன்னும் அழுத்தமாகத் தெரியும். அட்டையில் மனசுக்குச் சரியாகப் பட்டதைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள் என்று பழைய சாயக்காரர்கள் சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

இனி நிறத்தின் உள்ளே போவோம். கணவர் சாம்பல் என்று சொன்னது எவர்கிரீன் ஃபாக்கைத்தான் என்றால் அவர் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. திரையில் காட்டுவதற்காக அந்த நிறுவனமே கொடுக்கும் எண்களைப் பாருங்கள். எவர்கிரீன் ஃபாக்கில் சிவப்பு 149, பச்சை 151, நீலம் 138. கிளாரி சேஜில் சிவப்பு 172, பச்சை 173, நீலம் 151. இரண்டிலும் பச்சை, சிவப்பை ஒன்றிரண்டு எண்ணிக்கையில்தான் முந்துகிறது. பச்சை என்று பெயர் வைத்த சாயத்தில் பச்சை இவ்வளவு குறைவா என்று கேட்பீர்கள். நீலம் எவ்வளவு பின்தங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீலம் குறைந்தால் மஞ்சள் சாயல் வரும். மஞ்சள் மங்கினால் நம் கண் அதைப் பச்சை என்று படிக்கும். மஞ்சள் சாயத்தில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஆலிவ் பச்சை வருவதைக் கடையில் எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன், ஒவ்வொருவரும் வியந்துதான் போவார்கள். கிளாரி சேஜில் நீலம் 22 பின்தங்குகிறது, எவர்கிரீன் ஃபாக்கில் 13. முன்னதில் மஞ்சள் தூக்கல், நிறமும் கொஞ்சம் கூடுதல். பின்னது சாம்பலுக்குப் பக்கத்து வீடு.

நம் ஊர்க் கண்ணுக்குச் சொல்வதானால், கிளாரி சேஜ் நிழலில் காயவைத்த துளசி இலை மாதிரி. எவர்கிரீன் ஃபாக், பத்துமலையில் மழை விட்ட பிறகு சுண்ணாம்புப் பாறையில் பாசி படிந்த இடம் தெரியுமே, அந்த மாதிரி. இரண்டுமே அழகுதான். ஆனால் பாறையில் பாசி அழகாகத் தெரிவதற்கு மேலே அவ்வளவு பெரிய வானம் இருக்கிறது. 10 அடி அறையில் அந்த வானம் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள், கடையில் தினமும் கண்டது. பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் மற்றதை மாற்றிக் காட்டும். எவர்கிரீன் ஃபாக்குக்குப் பக்கத்தில் கிளாரி சேஜ் மஞ்சளாகத் தெரியும். கிளாரி சேஜுக்குப் பக்கத்தில் எவர்கிரீன் ஃபாக் சிமெண்டாகத் தெரியும். பிரான்ஸில் கோபெலின் என்ற அரசுத் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. நூலைச் சோதித்தால் குறையே இல்லை. பக்கத்தில் ஓடிய நீல நூல்தான் கறுப்பை வெளுக்கக் காட்டியது. அவர் இதை விரிவாக ஆராய்ந்து 1839-ல் வெளியிட்டார். நாம் அனுபவத்தில் அறிந்ததுதான் இது. ஒரே மாம்பழ நிறப் புடவை அரக்குக் கரையோடு ஒரு மாதிரியும் பச்சைக் கரையோடு இன்னொரு மாதிரியும் தெரியும். உங்கள் அம்மாவின் அறையில் இரண்டு பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப் போவதில்லை, ஒன்றுதான் இருக்கப் போகிறது. ஆகவே ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைத் தனியாக வைத்துப் பாருங்கள். உங்கள் கேள்வியில் பாதி அங்கேயே தீரும்.

அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் உண்மையில் என்ன இருக்கப் போகிறது? சிவப்புச் சாயல் மரக் கட்டில், அலமாரி. இது நல்ல செய்தி. சிவப்புக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பல் பச்சையும் கூடுதல் பச்சையாகத் தெரியும். எவர்கிரீன் ஃபாக் அந்தக் கட்டிலுக்குப் பின்னால் வந்தால் இணையத்தில் பார்த்ததைவிடப் பச்சையாகவே தெரியும். கிரீம் டைல் வேறு விதமாக வேலை செய்யும். வெயில் அதன்மேல் பட்டு எழும்போது வெதுவெதுப்பான மஞ்சள் வெளிச்சமாக எழும்பிச் சுவரின் கீழ்ப்பாதியில் விழும். கிளாரி சேஜில் ஏற்கெனவே மஞ்சள் இருக்கிறது, அதனால் கீழ்ப்பாதி கொஞ்சம் காக்கிப் பக்கம் போகலாம். கட்டாயம் போகும் என்று சொல்ல மாட்டேன். டைல் எவ்வளவு மினுக்கம், தரையில் பாய், கம்பளம் ஏதாவது விரிப்பீர்களா என்பதைப் பொறுத்தது.

ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். நீங்கள் படித்த அமெரிக்க, இங்கிலாந்துக் கட்டுரைகள் நம்மைத் தவறான வழியில் கொண்டுபோவது இந்த இடத்தில்தான். "வடக்குப் பார்த்த அறை குளிர்ச்சி, தெற்குப் பார்த்த அறை கதகதப்பு" என்று எல்லாவற்றிலும் இருக்கும். அவர்கள் ஊருக்கு அது சரி, அங்கே நடுப்பகல் வெயில் வருடம் முழுக்கத் தெற்கு வானத்தில்தான் இருக்கும். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் 3 பாகையில் இருக்கிறது. ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும், டிசம்பரில் தெற்கே. எப்படியும் நடுப்பகலில் கிட்டத்தட்ட தலைக்கு மேலேதான். ஆகவே நமக்கு வடக்கு தெற்கு பெரிதில்லை, கிழக்கு மேற்குதான் பெரிது. மலேசியக் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுவதால் இங்கே உச்சிப்பொழுது பெரும்பாலும் பகல் 1 மணி தாண்டித்தான் வருகிறது. மேற்கு ஜன்னலுக்குள் வெயில் நேராக இறங்க 3 மணி ஆகும், அதிலிருந்து 7 மணி வரை இறங்கிக்கொண்டே இருக்கும். காலை முழுவதும் அந்த அறைக்குக் கிடைப்பது வானத்து வெளிச்சம் மட்டும். கொஞ்சம் நீலம் கலந்த, அமைதியான, குறைவான வெளிச்சம்.

அம்மாவின் ஒரு நாளை இதில் பொருத்திப் பாருங்கள். வயதானவர்கள் 5 மணிக்கே எழுந்துவிடுவார்கள். சூரியன் உதிக்கவே 7 மணி ஆகும் ஊர் இது. ஆக முதல் இரண்டு மணி நேரம் விளக்கு வெளிச்சம். அப்புறம் பசியாறிவிட்டு வந்து உட்காரும்போது மங்கலான காலை வெளிச்சம். மதியம் படுக்கும்போது திரையை இழுத்துவிடுவார். மாலை 5 மணிக்கு, மழை வராவிட்டால், மஞ்சள் வெயில் சுவர் முழுக்க. மழை வந்தால், கோலாலம்பூரில் எத்தனை நாள் பிற்பகலில் வருகிறது என்று உங்களுக்கே தெரியும், அந்த மேற்கு வெயிலும் இல்லை. அந்த அறை தகதகவென்று இருப்பது மழையில்லாத நாட்களின் மாலை மட்டும். மீதி நேரமெல்லாம் குறைந்த வெளிச்சத்தில்தான் கழியும். நான் கிளாரி சேஜ் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான். மாலை வெயிலில் எவர்கிரீன் ஃபாக்தான் அழகு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. சாம்பல் கரைந்து மெத்தென்ற பச்சையாக நிற்கும். ஆனால் இரண்டு மணி நேர அழகுக்காகக் காலை நேரம் முழுவதையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது விளக்கு. நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் டேலைட் என்று பெட்டியில் போட்ட 6500 கெல்வின் வெள்ளை டியூப்தான் இருக்கும். அந்த வெளிச்சத்தில் எவர்கிரீன் ஃபாக்கில் உள்ள கொஞ்சநஞ்ச மஞ்சளும் அடங்கி, பூசாத சிமெண்டுச் சுவர் மாதிரி தெரியும் வாய்ப்பு அதிகம். கிளாரி சேஜ் பச்சையாகவே தாக்குப்பிடிக்கும். நேர்மாறாக 3000 கெல்வின் மஞ்சள் பல்ப் போட்டால் எவர்கிரீன் ஃபாக் நன்றாக இருக்கும், கிளாரி சேஜ் பழுப்பு காட்டலாம். நடுவில் 4000 கெல்வின் இருக்கிறது, பெட்டியில் கூல் ஒயிட் என்று இருக்கும். எந்தப் பச்சை எடுத்தாலும் அம்மாவின் அறைக்கு அதைப் போடுங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்றோ ஆர்.ஏ. என்றோ ஓர் எண் இருக்கும். 90-க்கு மேல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு அது. சுவரை மாற்றுவதைவிட விளக்கை மாற்றுவது எளிது.

விளக்கு என்றதும் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதே இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடும். கடையில் நான் நின்ற நான்காவது வருடம், செராஸிலிருந்து ஓர் அம்மா சோபா உறைத் துணி கொண்டுவந்தார், இதே மாதிரி வெளிர் பச்சை. கடை டியூப் வெளிச்சத்தில் துணிக்கும் சாயத்துக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் கலந்து கொடுத்தேன். வீட்டில் மஞ்சள் விளக்கு. இரவில் துணி பச்சை, சுவர் சேற்று நிறம். தப்பு என்னுடையதுதான், ஒரே வெளிச்சத்தில் மட்டும் பார்த்துவிட்டேன். துணியில் ஏறிய சாயம் வேறு, டின்னில் நான் ஊற்றிய நிறமிகள் வேறு. ஒரு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் புடவை எடுக்கும்போது நம் பெண்கள் புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்களே, அந்த ஞானத்தை நான் சாயத்தில் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு வாசலில், டியூப்பில், மஞ்சள் பல்பில் என்று மூன்று இடத்தில் காட்டாமல் யாருக்கும் டின்னை மூடிக் கொடுத்ததில்லை.

இது உங்களுக்கு ஏன் என்றால், பக்கத்து ஹார்டுவேர் கடைக்குப் போனால் உங்களுக்குக் கிடைக்கப் போவது நிப்போன், டூலக்ஸ், ஜோட்டன் போன்றவைதான். "எவர்கிரீன் ஃபாக் வேண்டும்" என்று கைப்பேசியில் படத்தைக் காட்டினால் மெஷினால் அதைப் படிக்க முடியாது. திரையின் வெளிச்சத்தை அளந்து சாயம் கலக்க வழியில்லை. உண்மையான அட்டைத் துண்டு கையில் இருந்தால் நிறத்தை அளக்கும் கருவியால் படித்துக் கலந்து தருவார்கள், அப்போதும் நிறமிகள் வேறு என்பதால் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய் இன்னொன்றில் விலகலாம். ஆகவே அந்த இரண்டு பெயர்களையும் கட்டிக்கொண்டு அலைய வேண்டாம். கடையின் கலர் கார்டில் மஞ்சள் சாயலுள்ள சாம்பல் பச்சை வரிசையைத் திறந்து, எல்.ஆர்.வி. 40-ஐ ஒட்டியது ஒன்று, 30-ஐ ஒட்டியது ஒன்று எடுங்கள். அட்டையில் எண் இல்லையென்றால் கவுண்டரில் கேளுங்கள், பெரும்பாலும் கணினியில் இருக்கும். எவர்கிரீன் ஃபாக்கின் கலவையைப் பாதியாகக் குறைத்துக் கலந்தால் வெளிறிய எவர்கிரீன் ஃபாக் வரும் என்று சிலர் சொல்வார்கள். நிறமிகள் எல்லாம் ஒரே சீராக வலுக்குறைவதில்லை, சாயல் நகர்ந்துவிடும். அதைச் செய்யாதீர்கள்.

அடுத்து அம்மாவின் கண். கலர் கார்டு பார்க்கும் யாரும் இதை நினைப்பதில்லை. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிறது, கண்மணியின் துவாரமும் இருட்டில் முன்போல விரிவதில்லை. உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது, அதிலும் நீலம் அதிகமாகக் குறைகிறது. நீங்கள் நாற்பதில் பார்க்கும் எவர்கிரீன் ஃபாக் அம்மாவுக்கு இன்னும் இருண்டதாகத் தெரியும், கொஞ்சம் மஞ்சளாகவும் தெரியலாம். கண்புரை அறுவை சிகிச்சை செய்து புது லென்ஸ் வைத்திருந்தால் நிலைமை வேறு. அந்த மஞ்சள் திரை விலகிவிடும், நீலமும் வெள்ளையும் பளிச்சென்று தெரியும். அம்மாவுக்கு சிகிச்சை ஆகிவிட்டதா என்று நீங்கள் சொல்லவில்லை. ஆகவில்லை என்றால் வெளிச்சமான சாயத்துக்கு என் ஓட்டு இன்னும் உறுதியாகிறது. சீக்கிரத்தில் செய்யப் போகிறார் என்றால், முடிந்தால் அதுவரை பொறுத்து, புதுக் கண்ணோடு அவரையே பார்க்கச் சொல்லுங்கள். கண்ணைப் பற்றி நான் சொல்வது இவ்வளவுதான், மற்றதை மருத்துவரிடம் கேளுங்கள்.

இருண்ட சுவருக்கு ஒரு நியாயமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வெள்ளைக் கதவும் வெள்ளை சுவிட்சும் இருண்ட சுவரில் எடுப்பாகத் தெரியும். இரவில் எழுந்து பாத்ரூம் போகும் வயதானவருக்கு அது பெரிய உதவி. சுவருக்கும் கதவுக்கும் எல்.ஆர்.வி. வித்தியாசம் 30 இருந்தால் நல்லது என்று கட்டடக்காரர்கள் கணக்கு வைப்பார்கள். சாதாரண வெள்ளைக் கதவு 80-க்கு மேல் இருக்கும். கிளாரி சேஜுக்கே கிட்டத்தட்ட 40 வித்தியாசம் வந்துவிடுகிறது. ஆகவே அதற்காக எவர்கிரீன் ஃபாக்குக்குப் போக வேண்டியதில்லை. வெளிர் பச்சை என்று 60, 70 எண்ணுக்குப் போனால்தான் கதவு சுவரில் கரையத் தொடங்கும்.

பச்சை மனதை அமைதிப்படுத்தும், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்றெல்லாம் நீங்கள் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பிச் சாயம் எடுக்காதீர்கள். சுவர் நிறம் மட்டும் ஒருவரின் உடம்பில் என்ன செய்யும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு அந்தப் பேச்சில் வலு இல்லை. அம்மா பச்சை கேட்டதற்கு அவருக்கென்று ஒரு காரணம் இருக்கும். எந்தப் பச்சை என்று கேட்டீர்களா? வயதானவர்கள் பச்சை என்றால் ராமர் பச்சையும் கிளிப்பச்சையும்தான் மனதில் வைத்திருப்பார்கள். நீங்கள் இந்தச் சாம்பல் பச்சையை அடித்துவிட்டு "பச்சை எங்கே" என்று அவர் கேட்டால் இரண்டு பேருக்கும் வருத்தம். இரண்டில் கிளாரி சேஜில்தான் பச்சை என்று சொல்லக்கூடிய பச்சை கொஞ்சமாவது கூடுதல். அவர் கேட்டது அதைவிடப் பச்சை என்றால் நீங்கள் கார்டில் இரண்டு வரிசை தள்ளிப் போக வேண்டியிருக்கும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, சோதனை. சுவரில் நேராக இரண்டு சதுரம் அடித்துப் பார்க்காதீர்கள், உங்கள் சுவர் பீச் நிறம். பீச்சுக்கு நடுவில் எந்தப் பச்சையும் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். முழுதும் அடித்து பீச் மறைந்ததும் அந்தப் பளிச்சும் மறைந்துவிடும். இரண்டுக்கும் சின்ன டின் வாங்கி, மாஜோங் தாள் என்ற பெரிய வெள்ளைத் தாளிலோ மெல்லிய பிளைவுட் பலகையிலோ, குறைந்தது இரண்டடிக்கு மூன்றடி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பலகையில் இரண்டு கோட் அடியுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது அதில் உள்ள பால் போன்ற பசை வெளுக்கக் காட்டும். காய்ந்ததும் பசை கண்ணாடிபோலத் தெளிந்து நிறம் இருளும். ஒரு நாள் விடுங்கள். பலகையைச் சுற்றிப் பீச் தெரியாதபடி பின்னால் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, முதல் இரண்டு நாள் ஒரு பலகை மட்டும், அடுத்த இரண்டு நாள் மற்றது மட்டும். கட்டிலுக்குப் பின்னால், ஜன்னலுக்கு எதிரே, ஜன்னல் இருக்கும் அதே சுவரில் என்று இடம் மாற்றுங்கள். கடைசியில் சொன்ன இடம்தான் அறையிலேயே இருட்டான சுவர், அங்கே பிடித்திருந்தால் எங்கும் பிடிக்கும். காலை 6 மணிக்கு விளக்கில், 9 மணிக்கு வெறும் ஜன்னல் வெளிச்சத்தில், மாலை 6 மணிக்கு, ஒரு மழை நேரத்தில், இரவில். கைப்பேசியில் படம் எடுத்து ஒப்பிடாதீர்கள், கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிக்கட்டி நிறத்தை மாற்றிவிடும்.

அம்மா இதற்குள் வந்துவிட்டால் கட்டிலில் அவரை உட்காரவைத்துக் காட்டுங்கள். எது பிடிக்கிறது என்று கேட்காமல், இந்த நிறம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இரண்டைக் காட்டி எது என்று கேட்டால் மகளுக்குப் பிடித்தது எதுவோ அதையே சொல்லிவிடும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்த நிலைமையில் நான் எவர்கிரீன் ஃபாக் சொல்வேன்? அம்மா மாலை நேரத்தில்தான் அறையில் அதிகம் இருப்பார், மஞ்சள் விளக்குதான் அவருக்கு வசதி, புரை சிகிச்சை முடிந்து கண் தெளிவாக இருக்கிறது என்றால் தாராளமாக அதையே எடுக்கலாம். அல்லது கட்டிலின் தலைமாட்டுச் சுவர் ஒன்றுக்கு மட்டும் எவர்கிரீன் ஃபாக், மற்ற மூன்றுக்கும் கிரீமில் ஒரு வெள்ளை. சிவப்பு மரத்துக்குப் பின்னால் அது நன்றாக நிற்கும், அறையும் இருளாது. இரண்டு பச்சையையும் ஒரே அறையில் கலந்து அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அப்போது அவை நாள் முழுக்க ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டே இருக்கும்.

மீதி சின்ன விஷயங்கள். பீச் மேல் வெள்ளை சீலர் என்ற அடிப்பூச்சு ஒரு கோட், அப்புறம் சாயம் இரண்டு கோட். அம்மா சுவரைப் பிடித்து நடப்பார் என்றால் முழு மேட் வேண்டாம், துடைக்கக்கூடிய, லேசான மினுக்கமுள்ளதை எடுங்கள். அதிக மினுக்கம் போனால் மேற்கு வெயிலில் ரோலர் தடம் எல்லாம் தெரியும். உங்கள் அறைக்கு, சுவர் 9 அடி உயரம் என்று வைத்தால், கதவும் ஜன்னலும் கழித்துச் சுமார் 355 சதுர அடி, அதாவது 33 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கு 66. லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று கணக்கு வைத்தால் 7 லிட்டர் வேண்டும். ஒரு 5 லிட்டர், இரண்டு 1 லிட்டர். மூன்றையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கி, அடிக்கும் முன் ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். டின்னுக்கு டின் வரும் சின்ன வித்தியாசம் இப்படிப்பட்ட சாம்பல் பச்சையில் சுவரில் காட்டிக்கொடுத்துவிடும். டின் மூடியில் ஒட்டித் தரும் கலவைச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் உரசிய இடத்தைத் திருத்த ஒரு நாள் தேவைப்படும்.

பலகை வைத்துப் பார்த்த பிறகு, காலை 9 மணிக்கு ஜன்னல் பக்கத்துச் சுவரில் எது எப்படித் தெரிந்தது, அம்மா என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள். அதை வைத்து, கார்டில் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று சொல்கிறேன்.